ரோஸ்லி எடுத்த பக்கம்

போர்மாவிலிருந்து இறக்கின அண்டிப்பருப்பைக் கையில் அள்ளினால் மேல்தொலி நெறுநெறுவென்று உதிரும், உள்ளுக்குள் இருக்கிற சூடு மட்டும் ஆறாமல் விரல் நுனியில் வந்து ஒட்டிக்கொள்ளும், உதிர்ந்த தொலியின் செங்கல் நிறத் தூள் கண்ணிமையிலும் மூக்கிலும் ஏறி, தெரியாமல் உதட்டை நக்கிவிட்டால் சாயங்காலம் வரை வாய் துவர்த்துக் கிடக்கும். போர்மா என்பது பருப்பை உலர்த்துகிற பெரிய சூட்டு அறை. முந்திரிப்பருப்புக் கம்பெனியை எங்கள் ஊர்களில் "அண்டியாபீஸ்" என்று சொல்லுவோம். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில் அப்படி ஒரு அண்டியாபீஸில், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்த பிறகு, பதின்மூன்று வயதில் நான் தொலி எடுக்க உட்கார்ந்தேன். அங்கே கிடைத்த ஒரு கதையைப் பற்றியும், அந்தக் கதையை வைத்து நான் செய்துவிட்ட ஒரு காரியத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாக மனதில் கிடந்து உருளுகிறது. எழுதினால் விளங்கும் என்று நினைத்தேன். எழுத எழுத இன்னும் குழம்புகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இது கிளம்பினதற்குக் காரணம் அடுத்த வீட்டு அஞ்சு. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. எங்கள் வீட்டு வராந்தாவில் போனுக்கு "ரேஞ்ச்" கிடைக்காது, அதனால் அவளுடைய அம்மாவால் கூப்பிட முடியாது என்பதற்காகவே சாயங்காலம் இங்கே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு தலையணை கனத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை விரிப்பாள். அட்டையில் எப்போதும் ஏதாவது எரிந்துகொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஊரே தண்ணீரில் முங்கிக் கிடக்கும். "இது என்ன கதை மக்களே?" என்று ஒருநாள் கேட்டேன். ஒரு ராஜ்யமாம், அங்கே பதினாறு வயது நிறைந்தால் கண், காது, மூக்கு, நாக்கு, தொட்டால் தெரிகிற உணர்வு இந்த ஐந்தில் ஒன்றை சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம், எதைக் கொடுப்பது என்று ஒரு பெண்பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். "அய்யோ, இதை வாசிச்சிட்டு உனக்கு எப்பிடிச் சோறு இறங்குது? நல்ல கதை ஒண்ணும் கிட்டலியா?" என்றேன். "நல்ல கதையில ஒண்ணும் நடக்காது அம்மச்சி," என்றாள் தலையைத் தூக்காமல். "இதாக்கும் ரசம். இனியும் ரெண்டு பாகம் உண்டு."

சோறு நன்றாக இறங்குகிற வீட்டுப் பிள்ளை. அப்பனும் அம்மையும் உத்தியோகத்தில், தனக்கென்று ஒரு அறை, மேசை, சுற்றுகிற நாற்காலி. இப்படிப்பட்ட பிள்ளை எதற்காக இந்தக் கொடுமையைத் தேடிப்போய் வாசிக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான், கைநிறையச் சாம்பலும் தேங்காய்ச் சகிரியுமாக நின்றபடியே, நாங்கள் மட்டும் என்ன செய்தோம் என்ற நினைவு வந்தது.

அண்டியாபீஸில் தொலி எடுக்கிற "ஷெட்"டில் நாங்கள் நாற்பது பேர் போல வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு ஒரு முறம், ஒரு சின்னக் கத்தி. பருப்பு உடையாமல் தொலியை மட்டும் சுரண்ட வேண்டும். உடைந்தால் மேஸ்திரி பிடித்து வழக்குப் பேசுவார், திட்டித் தீர்ப்பார். பருப்பு ஒன்றைக்கூட வாயில் போடக்கூடாது. சாயங்காலம் வெளியே போகும்போது வாசலில் ஒரு பெண்ணாள் நின்று, முந்தானையை உதறச் சொல்லி, முடியை அவிழ்க்கச் சொல்லி, கடைசியில் "ஆ" என்று வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். தினமும் நாற்பது வாய். எனக்கு முதல் மாதம் அந்த வாசலை நினைத்தாலே அழுகை வரும், பிறகு அதுவும் பழகிப்போய், பல் விளக்குகிற மாதிரி ஒரு காரியம் ஆகிவிட்டது.

சுரண்டுகிற தொலி தரையில் சிதறாமல் இருக்க, காலையில் ஆளுக்கு ஒரு பழைய காகிதம் தருவார்கள், முறத்துக்குக் கீழே விரித்துக்கொள்ள. "தொலிக் காகிதம்" என்போம். அது மார்த்தாண்டத்தில் உள்ள ஏதோ ஒரு கடையிலிருந்து கெட்டு கெட்டாக வரும், பெரும்பாலும் தமிழ் வாரப் பத்திரிகைகளைப் பிரித்த தாள். எங்கள் ஷெட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது, எழுத்து தெரிந்தவர்கள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் டிவிஷனில் நாலு வருஷம் இருந்த ஒரே ஆள் நான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரிடமும் எதுவும் சொல்லுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாலு பேர் பார்த்தால் எனக்குக் கழுத்து வரை சிவந்துவிடும். என் உதடு அசைகிறதைப் பக்கத்து முறக்காரி ரோஸ்லி கண்டுபிடித்தாள்.

"எட்டி தங்கம், நீ ஜெபம் பண்ணுதியா, இல்லை காகிதம் வாசிக்கியா?"

நான் காகிதத்தை முறத்துக்கு அடியில் தள்ளினேன். அவள் விடவில்லை, இழுத்து எடுத்து என் மடியில் போட்டு, "ஒச்சையிலே வாசி, நாங்களும் கேட்கிறோம். இங்க கேட்கியது மேஸ்திரிக்க இருமல் மட்டுமாக்கும்," என்றாள். அப்படித்தான் தொடங்கியது. வாசிக்கிற நேரம் என் கை வேலை செய்யாது அல்லவா, அதற்கு அவர்களே ஒரு வழி செய்தார்கள்: ஒவ்வொருத்தியும் தான் சுரண்டின பருப்பில் ஒரு பிடி என் முறத்தில் போட்டுவிடுவாள். மேஸ்திரி தூக்கிப் பார்க்கும்போது என் முறம் மற்றவர்கள் முறம் போலவே நிறைந்திருக்கும். அந்த ஷெட்டில் நான்தான் ரொம்ப மெதுவான கை. அதனால் வாசிப்பு எனக்குப் பெரிய காப்பாற்றலாக இருந்தது என்பதையும் இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும்.

முதலில் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாக, சமையல் குறிப்பு, ராசிபலன், தலைகால் இல்லாத சிரிப்புத் துணுக்கு. பிறகு ஒருநாள் ஒரு தொடர்கதையின் மூன்றாவது வாரம் வந்தது. எழுதினவர் பெயர் ஏதோ ஒன்று இருந்தது, ஞாபகமில்லை. கதையில் ஒரு ராஜ்யத்துக்கு மேலே முழுக்கக் கூரை போட்டிருப்பார்கள். வெயில் ராஜாவுக்குச் சொந்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை நாழிகை என்று "வெயில் முறை" உண்டு, அப்போது மட்டும் கூரையில் ஒரு பலகையை நீக்குவார்கள், முறை இல்லாத நேரத்தில் வெயிலில் கை நீட்டினால் கையில் சூடு போடுவார்கள். பதினைந்து வயதான பெண்பிள்ளைகளில் சிலருக்குச் சீட்டு விழும். சீட்டு விழுந்தவள் ஏணி வழியாக மேலே ஏறிப் போய்க் கூரையைத் துடைக்க வேண்டும். ஏறினவள் ஒருத்தியும் இறங்கி வந்ததில்லை. தாரகை என்று ஒரு பெண், அவளுக்குச் சீட்டு விழுகிறது.

இதை வாசித்த அன்று ஷெட்டில் நாற்பது கத்திகளின் சத்தமும் நின்றுபோனது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. நான் பயந்துவிட்டேன், மேஸ்திரி வந்துவிட்டார் என்று நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பாக்கி எங்கே?" என்றாள் ஒரு அக்கச்சி. பாக்கி இல்லை. அன்றிலிருந்து காலையில் காகிதக் கெட்டு அவிழ்க்கும்போது தாரகை இருக்கிறாளா என்று ஒரு தள்ளுமுள்ளு. மேஸ்திரிக்கு "கூரைராஜா" என்று பெயர் வந்தது. மத்தியானம் கஞ்சி குடிக்க விடுகிற மணி அடித்தால், "வெயில் முறை வந்தாச்சு, வாங்கோ," என்று ரோஸ்லி கூவுவாள். அவர் பாவம், என்னவோ கொண்டாட்டம் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இங்கேதான் எனக்கு முதல் குழப்பம். பகல் முழுக்க தகரக் கூரைக்குக் கீழே தொலித்தூளைத் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் நாங்கள். மாலையில் வாயைத் திறந்து காட்டிவிட்டு வெளியே போகிறவர்கள். எங்களுக்கு ராஜகுமாரன் கதையும் மாளிகைக் கதையும் அல்லவா ருசித்திருக்க வேண்டும்? அதுபோல ஒரு கதையும் தொலிக் காகிதத்தில் வந்தது, பட்டு, வைரம், குதிரை எல்லாம் உண்டு. இரண்டாம் நாள் யாரும் கேட்கவில்லை. சூடு போடுகிற ராஜ்யம்தான் வேண்டும் என்றார்கள். எங்கள் கஷ்டத்தை இன்னொருத்தி பெரிதாக அனுபவிக்கிறாள் என்ற ஆறுதலா? அப்படியும் தோன்றவில்லை, ஏனென்றால் தாரகைக்கு அடி விழுந்த வாரம் ஒரு பிள்ளை கஞ்சி குடிக்கவில்லை. பிறகு என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கதை ஒழுங்காக வரவில்லை. மூன்று வந்த பிறகு ஏழு வரும், பிறகு ஐந்து வரும், ஆறு வராது. இடையில் இருந்த ஓட்டையை நான் முதலில் அடைத்தது இன்ஸ்பெக்டர் வந்த ஒரு நாளில். வயது குறைந்த பிள்ளைகள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருந்ததால், அவருடைய ஜீப் வருகிறது என்று தெரிந்ததும் எங்களைப் போலப் பத்துப் பதினைந்து பேரைச் சாக்குக் கிடங்குக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருட்டு. நாங்கள் அப்போது இல்லாத பிள்ளைகள், இருமக்கூடாது. ஒரு சின்னப் பிள்ளை தேம்பத் தொடங்கியது, அதன் வாயைப் பொத்த வேண்டியதாயிற்று. அப்போது ரோஸ்லி என் காதில், "எட்டி, அந்த ஆறாம் வாரம் என்ன ஆச்சு, சொல்லு, மெல்லச் சொல்லு," என்றாள். காகிதமே இல்லாத இடத்தில் நான் ஆறாம் வாரத்தைச் சொன்னேன். யாருக்கும் என் முகம் தெரியாததால் வார்த்தை தானாக வந்தது. ஜீப் போய்க் கதவைத் திறந்தபோது எல்லோரும் கேட்டது, "இதை எப்ப வாசிச்சே?" நேற்றே வாசித்தேன் என்றேன். அது என் முதல் பொய். அந்தப் பொய்க்கும் ஆளுக்கு ஒரு பிடி விழுந்தது.

ரோஸ்லியைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்பன் பனையிலிருந்து விழுந்து கிடையாய்க் கிடந்தார், கீழே மூன்று சின்னதுகள். வாயால் யாரையும் ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிடுவாள். வாசலில் வாயைத் திறந்து காட்டும்போது, "நல்லாப் பாருங்க சேச்சி, ஒரு பல்லு ஆடுது, அதையும் கணக்கில வச்சுக்கிடுங்க," என்பாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றே அந்த வாசலைக் கடந்து பழகினேன்.

அந்த வருஷம் அவர்கள் சபையில் உள்ள ஒரு அம்மா வந்து, டெல்லியில் தனக்குத் தெரிந்த வீட்டில் குழந்தையைப் பார்க்க ஒரு பிள்ளை வேண்டும், ரோஸ்லியை அனுப்பலாமா என்று கேட்டார். ரோஸ்லியின் அம்மை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உனக்க இஷ்டம் மக்களே. போகணும்னாலும் சரி, போகாண்டாம்னாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாராம். இதைச் சொல்லும்போது ரோஸ்லி சிரிக்கவில்லை. அவள் தெருவிலிருந்து முன்னே ஒரு பிள்ளை அப்படிப் போய், போன பிறகு ஒரு கடுதாசிகூட வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "இத்தனை நாளும் உப்பு வாங்கணும்னாலும் அம்மைக்கிட்ட கேட்டவளாக்கும் நான். இதை மட்டும் எனக்க தலையில வச்சா நான் என்ன செய்வேன்?" என்று என்னிடம் கேட்டாள். ஒரு வாரம்தான் தவணை. அந்த ஒரு வாரமும் அவள் முறத்தில் பருப்பு உடைந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுவருஷ ஆராதனையில் வேத வசனம் எழுதின சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள், ஒவ்வொருத்தரும் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்பார்கள், எடுத்த வசனம் அந்த வருஷம் முழுக்க அந்த ஆளுக்காகவே சொல்லப்பட்டது. "வாக்குத்தத்தம்" என்பார்கள். கஷ்டம் வந்தால் பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுவார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனாலும் ரோஸ்லி அவளுடைய அட்டையைக் காட்டும்போது எனக்கு ஆசையாக இருக்கும். அந்த வருஷம் அவளுக்கு வந்திருந்தது துதி பாடச் சொல்லுகிற ஒரு வசனம். அதில் டெல்லிக்குப் போகவேண்டுமா வேண்டாமா என்று இல்லை.

தாரகையின் கதை அப்போது ஏணி உச்சியில் நின்றிருந்தது. மேலே ஒரு கதவு, கதவில் அவள் கையை வைக்கிறாள், தொடரும் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு உள்ள பக்கத்துக்காக ஒரு மாதமாக எல்லோரும் காத்திருந்தோம். தவணை முடிகிற திங்கட்கிழமை காலை புதுக் கெட்டு வந்து இறங்கினதும் ரோஸ்லி எழுந்து, "ஆரும் தொடாதீங்கோ. இது எனக்க வாக்குத்தத்தமாக்கும். தாரகை அந்தக் கதவைத் திறந்து போனா நானும் போவேன், இறங்கி வந்தா நான் இங்கயே இருப்பேன்," என்று சொல்லிக் கண்ணை மூடினாள். மூத்த அக்கச்சி ஒருத்தி, "போட்டீ கிறுக்கி, வேதப் புஸ்தகமும் தொலிக் காகிதமும் ஒண்ணா?" என்று திட்டினாள். ஆனால் அவளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரோஸ்லி கெட்டின் நடுவில் கையை விட்டு ஒரு தாளை உருவி, கண்ணைத் திறக்காமலே என்னிடம் நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கூந்தல் எண்ணெய் விளம்பரம். ஒரு பெண் முட்டு வரை முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். திருப்பினேன். கோழிக்கு வருகிற நோயைப் பற்றிக் கேள்வி பதில். அவ்வளவுதான். கதை இல்லை என்று சொன்னால் முடிந்துபோகிற காரியம். ஆனால் நாற்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள், ரோஸ்லியின் இமை துடிக்கிறது, எனக்குக் கழுத்திலிருந்து காது வரை சுட்டுக்கொண்டு வருகிறது. இல்லை என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வாயில் வந்தது இது: "தாரகை கதவைத் தள்ளினாள். அது பூட்டியிருக்கவே இல்லை. வெளியே ஆருக்கும் சொந்தமில்லாத வெயில் கண்ணுக்கு எட்டின தூரம் வரை கிடந்தது. முன்னால் ஏறிப்போன பிள்ளைகள் எல்லோரும் அங்கே துணி உலர்த்திக்கொண்டு நின்றார்கள்." கோழி நோயைப் பார்த்துக்கொண்டே இத்தனையும் வாசித்தேன். ஷெட்டில் யாரோ கை தட்டினார்கள். ரோஸ்லி கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், தாளை வாங்கி நாலாக மடித்து ஜம்பருக்குள் வைத்தாள், முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள்.

அந்த வாரமே பாறசாலை ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். நான் வழியனுப்பப் போகவில்லை. அம்மை போகச் சொன்னாள், எனக்குக் காய்ச்சல் என்றேன், சொன்ன பிறகு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. திரும்ப வேலைக்குப் போனபோது வாசலில் என் முன்னால் நிற்க முதுகு இல்லை. கதையும் அதோடு நின்றது. நான் இனிமேல் ஒச்சையிலே வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், சொன்னபடி இருந்தேன், முறம் நிறையாமல் தினமும் வழக்கு வாங்கினேன். நான் ஏன் அப்படி வாசித்தேன் என்று எனக்குள் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வரும். கூச்சத்தில் வாய் தடுமாறிவிட்டது என்பேன். ஆளுக்கு ஒரு பிடி கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன் என்பேன். அவள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் கதவைத் திறந்தேன் என்றும் சில நாள் தோன்றும். எல்லாம் சரியாகவும் தோன்றும், எல்லாம் பொய்யாகவும் தோன்றும்.

நாலு வருஷம் கழித்துத் தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ரோஸ்லி வந்தாள். இரண்டு சுற்று பெருத்திருந்தாள், நல்ல சேலை, பேச்சுக்கு இடையில் இந்தி. தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள். நான் சாயா கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவளே தொடங்கினாள்.

"எட்டி தங்கம், தாரகை கதவைத் திறந்த பக்கத்தில ஒருத்தி முட்டு வரைக்கும் முடியை விரிச்சுப்போட்டு நிண்ணாளே, அவளுக்கு அங்க என்ன ஜோலி?"

அவள் சிரித்தாள். "எனக்கு எழுத்துதான் தெரியாது. கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? கண்ணைத் திறந்ததும் படத்தைக் கண்டாச்சு."

"பின்னே நீ ஏன்..." என்று இழுத்தேன்.

"பின்னே என்ன? நாலு பேருக்க முன்னால வாயத் திறக்காத பிள்ளை, எனக்காகக் காகிதத்தில இல்லாத கதையைக் கெட்டிச் சொல்லுதா. அப்ப இவளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும், என்னைப் போகச் சொல்லுதான்னு நெனச்சேன். நீ சொன்னே, நான் போனேன்."

எனக்கு ஒன்றும் தெரியாது, ரோஸ்லி, என்று சொல்லியிருக்க வேண்டும். டெல்லி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. சொல்ல வாய் திறக்கிற நேரத்தில் வழியில் யாரோ ஒரு பெண் எங்கள் அம்மையின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் ரோஸ்லி சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு விறைப்பாக எழுந்து நின்றாள். பிறகு தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "அங்க வெயிலு உண்டு கேட்டியா. ஆனா நல்ல சூடாக்கும்," என்றாள். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் திரும்பிப் போய்விட்டாள். பிறகு அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். அந்தச் சிரிப்பையும், அவள் எழுந்து நின்றதையும் நான் எத்தனையோ தடவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றை நம்பினால் மற்றது இடிக்கிறது.

போன வாரம் அஞ்சுவிடம் இத்தனையும் சொன்னேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, அவள் வாசித்துக்கொண்டிருந்த கதையில் அந்தப் பெண்பிள்ளை எதைத் திருப்பிக் கொடுத்தாள் என்று நான் கேட்டேன், அவள், "இது வரைக்கும் ஒண்ணும் கொடுக்கலை," என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "அம்மச்சி அன்னைக்குக் கேட்டேல்லா, இது எதுக்கு வாசிக்கியேன்னு. இதில எல்லாம் என்னைப் போல ஒரு பெண்குட்டி வந்து தன்னாலே தீருமானிக்கும். தப்பாயாலும் அவளாக்கும் தீருமானிக்கிறது. எனக்கு பிளஸ் ஒண்ணுக்கு சயன்ஸ்னு அப்பா எட்டாம் கிளாசிலேயே தீருமானிச்சாச்சு," என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு ரோஸ்லி எழுந்து நின்று கண்ணை மூடினது கண்ணில் வந்துவிட்டது. தீர்மானிக்கிற உரிமை கையில் கிடைத்தவள் அவள். அந்தப் பாரம் தாங்காமல் அதைத் தொலிக் காகிதத்திடம் கொடுத்தாள், காகிதம் என்னிடம் கொடுத்தது, நான் இல்லாத வெயிலிடம் கொடுத்துவிட்டேன். தீர்மானித்தது யார் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அஞ்சு புத்தகத்தில் விரலை வைத்தபடி கடைசி வரை கேட்டாள். முதலில் தாரகைக்கு நிஜமாகவே என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள். தெரியாது என்றேன். நம்பாமல் ரோட்டுக்குப் போய் ரேஞ்ச் கிடைக்கிற இடத்தில் நின்று போனில் தேடினாள், கூரை, வெயில், ஏணி, தாரகை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பார்த்தாளாம், ஒன்றும் வரவில்லை என்று திரும்பி வந்தாள். அந்தப் பத்திரிகை எப்போதோ நின்றுவிட்டது. அண்டியாபீஸ் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஆடிட்டோரியம், வெள்ளி விளக்குகளோடு கல்யாணங்கள் நடக்கின்றன; எங்கள் ஷெட் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன, எங்களை ஒளித்துவைத்த சாக்குக் கிடங்குக்கு அடையாளமே இல்லை. அந்த நாற்பது பேரில் இருக்கிறவர்களை எண்ணினால் ஒரு கை போதும், அவர்களுக்கும் தாரகை ஞாபகமில்லை. ரோஸ்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லியிலேயே இறந்துபோனாள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள், அவள் தம்பி வந்து சொன்னான்.

"அது போகட்டும்," என்றாள் அஞ்சு. "ரோஸ்லி அம்மச்சிக்கு அங்க சுகமா இருந்துதா?"

"நான் கேட்கலை மக்களே."

"கேட்கலியா? முன்னால வந்து உட்கார்ந்து சாயா குடிச்சாங்க, அப்பவும் கேட்கலியா? அதல்லே மெயின்? அதென்ன அம்மச்சி கேட்காதே விட்டது?"

அவள் முகத்தில் அப்படி ஒரு அவசரம், அந்தக் கேள்வியை இப்போதாவது போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்பது போல. எனக்குப் பழையபடி கழுத்திலிருந்து சூடு ஏறியது, இந்த வயதிலும்.

"நாணமாயிட்டு இருந்தது," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விரலை உருவிப் புத்தகத்தை மூடினாள், எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று அடையாளம்கூட வைக்காமல்.